பத்து வருடப் பூட்டு: நம் பதிப்புரிமைச் சட்டம் பற்றி

1991 டிசம்பர் 28ஆம் தேதி மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தாகூர் இறந்தது 1941 ஆகஸ்டில். ஆசிரியர் காலமாகி 50 வருடம் வரை பதிப்புரிமை என்பது அன்றைய விதி. இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு ஓடும். அதன்படி 1991 டிசம்பர் 31 நள்ளிரவோடு தாகூர் எழுத்துகள் மீது அவர் நிறுவிய விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்துக்கு இருந்த உரிமை முடிய வேண்டும். மூன்று நாள்தான் பாக்கி. அதற்குள் 50ஐ 60 ஆக்கிவிட்டார்கள். தாகூருக்கு மட்டும் தனியாக நீட்ட முடியாது என்பதால், அன்றைக்கு உரிமை முடியாமல் இருந்த எல்லா எழுத்தாளர்களுக்கும் சேர்த்தே நீட்டினார்கள். 1992இல் நாடாளுமன்றம் அதையே திருத்தச் சட்டமாக நிறைவேற்றியது.

தாகூர் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் அந்தப் பத்து வருடம் எங்கெல்லாம் போய் விழுந்தது என்று பாருங்கள். உ.வே.சா. காலமானது 1942 ஏப்ரலில். பழைய விதிப்படி 1993 ஜனவரி 1 அன்று அவர் எழுத்துகளை யார் வேண்டுமானாலும் பதிப்பித்திருக்கலாம். 2003 வரை தள்ளிப்போனது. சிறுகதை எழுத்தாளர் கு.ப.ரா. இறந்தது 1944இல். 1995இல் முடிய வேண்டியது 2005 ஆனது. காந்தி 1948. அவர் எழுத்துகள் 1999இல் பொதுவுக்கு வந்திருக்க வேண்டும், வந்தது 2009இல். (அந்த உரிமையை வைத்திருந்த நவஜீவன் அறக்கட்டளை இன்னொரு நீட்டிப்பு கேட்டு யாரிடமும் போகவில்லை. அதற்காக அவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.)

பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து மின்னூலாக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் ஏதோ வக்கீல்கள் சமாச்சாரம் அல்ல. ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுக்கும்போது முதல் கேள்வியே அதுதான். 1940களில் அச்சான ஒரு கட்டுரைத் தொகுப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது. தாள் பழுத்துவிட்டது, பக்கத்தைத் திருப்பினால் ஓரம் பொடியாக உதிர்கிறது. முதுகில் தையல் விட்டுப்போய், நடுவில் ஒரு பக்கக் கட்டு தனியாகக் கையோடு வருகிறது. உள்ளே விலை ஒரு ரூபாய் நாலணா என்று போட்டிருக்கிறது. ஆசிரியர் பெயர் ஓர் இனிஷியலோடு இருக்கிறது, ஊர் இல்லை. பதிப்பகம் என்றோ மூடப்பட்டுவிட்டது. இவர் எப்போது காலமானார்? 1950 என்றால் 2011லேயே உரிமை முடிந்தது. 1985 என்றால் 2046 வரை தொடக்கூடாது. தாள் 2046 வரை தாங்காது.

இந்தச் சட்டம் எப்போதுமே இப்படி இருந்ததில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. 1847இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் வந்த முதல் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது: ஆசிரியர் இறந்த பிறகு உரிமைக்காரர் மறுபதிப்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், வேறொருவருக்கு அரசே அனுமதி கொடுக்கலாம். புத்தகம் வெளியே வராமல் முடங்கிவிடக் கூடாது என்ற எண்ணம் கம்பெனிக்காரனுக்கே இருந்திருக்கிறது. அடுத்து 1914. இங்கிலாந்தின் 1911 சட்டத்தைச் சில மாற்றங்களோடு இங்கே கொண்டுவந்தார்கள். ஆயுளுக்குப் பின் 50 வருடம் என்பது அதோடு வந்ததுதான். ஆனால் இந்தியாவுக்கென்று ஒரு நல்ல விதிவிலக்கும் வைத்தார்கள். இங்கே முதலில் வெளியான நூலை மொழிபெயர்க்கும் தனியுரிமை 10 வருடம்தான். அதற்குள் ஒரு மொழியில் ஆசிரியர் மொழிபெயர்ப்பு கொண்டுவராவிட்டால், அந்த மொழிக்கு அந்த நூல் திறந்துவிடும். இத்தனை மொழிகள் இருக்கும் நாட்டுக்கு எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு! வங்காளி, மராத்தி நாவல்கள் தமிழில் வந்து குவிந்ததெல்லாம் அந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான். 1957 சட்டத்தில் இந்தப் பத்து வருட வரம்பு காணாமல் போனது. வேண்டுமானால் பதிப்புரிமை வாரியத்திடம் மனுப்போட்டு மொழிபெயர்ப்பு உரிமம் வாங்கிக்கொள் என்ற பிரிவு அந்த இடத்துக்கு வந்தது.

1957 சட்டத்துக்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு மிகவும் வியப்பளித்தது. 1955இல் அரசு கொண்டுவந்த மூல மசோதாவில், ஆசிரியர் காலமான பின் 25 வருடம் போதும் என்றுதான் இருந்தது. ஆமாம், 25. சுதந்திரம் வாங்கிய கையோடு, நம் நாட்டுக்கு எது சரி என்று யோசித்தவர்கள் பிரிட்டிஷ்காரன் வைத்த கெடுவைப் பாதியாகக் குறைக்கத் தயாராக இருந்தார்கள். மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போனது, 50 ஆகத் திரும்பி வந்தது. 34 வருடம் கழித்து அதுவும் 60 ஆனது. அந்த 25 நிலைத்திருந்தால் 1985இல் காலமானவர் நூல் 2011இல் பொதுவுக்கு வந்திருக்கும்.

"எழுத்தாளன் வயிற்றில் அடிக்கிறாயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சட்டம் எழுத்தாளனை எப்படி நடத்தியது என்று பார்த்தால்தான் என் கோபம் புரியும்.

1977இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பாடல், இசை உரிமைக்கான ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு ஒரு பக்கம், கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கம் மறுபக்கம். படத்துக்காகக் காசு கொடுத்து எழுதவைத்த பாட்டும் போடவைத்த இசையும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. 1957 சட்டத்தின் வாசகம் அப்படி. அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடகருக்கு இந்தச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லையே, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார். நாடாளுமன்றம் கவனித்ததா? 1983இல் ஒரு திருத்தம், 1984இல் ஒன்று. வீடியோ கேசட் திருட்டுக்குத் தண்டனை கூடியது, கணினி நிரலும் சட்டத்துக்குள் வந்தது. பாடகர், வாத்தியக்காரர் போன்ற நிகழ்த்துகலைஞர்களுக்கான உரிமை 1994 திருத்தத்தில்தான் எட்டிப்பார்த்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் 2012 வரை காத்திருந்தார்கள். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராகப் போய் அங்கேயே எழுந்து பேச வேண்டியிருந்தது. திரையரங்குக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போதெல்லாம், அது வானொலியோ தொலைக்காட்சியோ, அதன் ராயல்டியில் சரிபாதி எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டும், எந்த ஒப்பந்தம் போட்டும் அதை அவர்களிடமிருந்து எழுதி வாங்க முடியாது என்று அந்தத் திருத்தம் சொன்னது. அருமையான திருத்தம்.

ஆனால் கணக்குப் பாருங்கள். உயிரோடு இருந்து, வாடகை கட்ட வழியில்லாமல் திண்டாடிய பாடலாசிரியருக்கு 1977இலிருந்து 2012 வரை 35 வருடம் ஆனது. காலமாகி 50 வருடமான ஒருவரின் உரிமையை வைத்திருந்த நிறுவனத்துக்கு, வருடம் முடிவதற்குள் அவசரச் சட்டமே வந்துவிட்டது. அப்புறம் எப்படி இதை எழுத்தாளனுக்கான சட்டம் என்று நம்புவது?

அந்த உரிமை எப்படிப் பயன்பட்டது என்பதும் வங்காளத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தாகூர் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட விஸ்வபாரதியின் இசைக் குழு ஒப்புதல் தர வேண்டும். தேபப்ரத பிஸ்வாஸ் மக்கள் கொண்டாடிய பாடகர். அவர் பாடும் முறையும் வாத்தியங்களைச் சேர்த்த விதமும் குழுவுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் அவர் ரவீந்திர சங்கீதத்தைப் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். எழுதியவர் இறந்து முப்பது வருடம் கழித்து, அவர் பாட்டை எப்படிப் பாட வேண்டும் என்று ஒரு குழு தீர்மானித்தது. 2001 முடிவில் உரிமை காலாவதியானது. தாகூர் சிறுத்துப் போய்விடவில்லை. பல பதிப்பகங்கள் அச்சிட்டன, பாடகர்கள் தங்கள் மனம்போலப் பாடினார்கள், பாடுகிறார்கள்.

இதற்கு வேறு வழியே இல்லையா என்றால், நம் ஊரிலேயே இருந்தது. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது வழக்கு வந்தது. பாரதி பாட்டைப் பாட அனுமதியா என்று தமிழ் எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள். நாரண துரைக்கண்ணன், டி.கே. சண்முகம் போன்றோர் செல்லம்மா பாரதியையே போய்ப் பார்த்துப் பேசினார்கள். 1949இல் ஓமந்தூரார் அரசு குடும்பத்துக்குப் பணம் கொடுத்து உரிமையை வாங்கியது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடம் இருந்த ஒலிப்பதிவு உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். பிற்பாடு பாரதி எல்லோருக்கும் பொதுவானார். சட்டப்படி 1972 வரை காத்திருக்க வேண்டிய பாரதி. நாட்டுடைமை என்ற வழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. கல்கியும் புதுமைப்பித்தனும் கெடு முடிவதற்கு முன்பே மக்களுக்கு வந்தது அப்படித்தான்.

வாரிசுகளுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது வேறு, புத்தகத்தைப் பூட்டி வைப்பது வேறு. 1949இல் சென்னை மாகாண அரசுக்கு அது புரிந்திருந்தது. 1991இல் டெல்லிக்கு விஸ்வபாரதியைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியிருந்தால், வருடா வருடம் மானியம் கொடுத்திருக்கலாம். அது மத்தியப் பல்கலைக்கழகம்தானே! அதற்காக உ.வே.சா.வையும் கு.ப.ரா.வையும், பெயர் மறந்துபோன ஆயிரம் பேரையும் பத்து வருடம் உள்ளே வைத்தது அநியாயம். நாட்டுடைமை பெரிய பெயர்களைக் காப்பாற்றும். என் மேசையில் இருக்கும் அந்த இனிஷியல்காரருக்கு யார் பரிந்து பேசுவார்?

அவர் போன்றவர்களுக்கென்று சட்டத்தில் 31அ என்றொரு பிரிவு இருக்கிறது. ஆசிரியர் இறந்துவிட்டார், அல்லது யாரென்றே தெரியவில்லை, உரிமைக்காரரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2012இல் இதை வெளியான நூல்களுக்கும் விரித்தார்கள். சரி, நல்லது. நடைமுறை என்ன? விண்ணப்பிக்கும் முன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஓர் ஆங்கில நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். தமிழ் நூலை அப்படியே மறுபதிப்புச் செய்வதானாலும் ஆங்கில நாளிதழ்தான். மொழிபெயர்ப்பு வெளியிடுவதாக இருந்தால் மட்டும் அந்த மொழி நாளிதழும் தேவை. திருநெல்வேலியிலோ கும்பகோணத்திலோ இருக்கும் வாரிசு எந்தப் பத்திரிகையைப் பார்ப்பார்? 300 பிரதி போடும் சிறு பதிப்பாளர் அந்த விளம்பரச் செலவுக்கு எங்கே போவார்? முன்பு விண்ணப்பத்தைப் பதிப்புரிமை வாரியம் பார்த்தது. அதுவும் கலைக்கப்பட்டு, இப்போது நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

வாசகர் பக்கம் நின்று கேட்டால் கிடைக்காமல் போகாது என்பதற்கும் 2012தான் சாட்சி. பார்வையற்றோர் அமைப்புகள் விடாமல் போராடின. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக எந்த நூலையும் அவர்களுக்கேற்ற வடிவில் மாற்றலாம், யார் அனுமதியும் வேண்டாம் என்ற விலக்கு வந்தது. உலக நாடுகள் அதையே மராகேஷ் உடன்படிக்கையாக 2013இல்தான் ஏற்றன. அதற்கு ஒப்புதல் அளித்த முதல் நாடு இந்தியா.

2025இல் மத்திய அரசு செயற்கை நுண்ணறிவும் பதிப்புரிமையும் என்று ஆராய ஒரு குழு அமைத்தது. ஆக, இந்தச் சட்டத்தில் மறுபடி கைவைக்கப்போகிறார்கள். அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் காட்டி நாமும் 70 ஆக்குவோம் என்று யாராவது வந்து நிற்பார்கள். பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையும் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தமும் கேட்பது 50தான். இனி காலமாகிறவர்களுக்காவது 50 என்று ஆக்க இந்த இரண்டும் தடையில்லை. 31அ பிரிவில் நூலின் மொழியிலேயே அறிவிப்பு போதும் என்று மாற்றுவதற்கு ஒரு வரித் திருத்தம்தான் தேவை. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பல்லாண்டாக அச்சில் இல்லாத நூல்களை ஸ்கேன் செய்து படிக்கத் தரலாம், உரிமைக்காரர் வந்து ஆட்சேபித்தால் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு விலக்கும் வேண்டும். கருத்துக் கேட்பு அறிவிப்பு வரும்போது இந்த மூன்றையும் எழுதி அனுப்பப் போகிறேன். பதிப்பாளர்கள், நூலகர்கள், ஆய்வு மாணவர்கள் யார் படித்தாலும் நீங்களும் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம், நகலை எனக்கும் ஒன்று அனுப்புங்கள், சேர்த்து வைப்போம்.