அண்ணே, அது சரியில்லை

கரிமேட்டு மீன் விலையைப் பற்றித் தொடங்கிய பேச்சில், "இந்தியாவும் இலங்கையும் கடலைக் காக்கச் சேர்ந்து ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு அண்ணே. 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்கே அம்பாறைக் கரைக்கு அப்பால் நியூ டைமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்குச் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் வந்த கப்பல் அது. நம் கடலோரக் காவல்படையும் இலங்கைக் கடற்படையும் சேர்ந்து நாள்கணக்கில் போராடி அணைத்தார்கள், அந்தக் கச்சா எண்ணெய் கடலில் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. அடுத்த வருடம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் எரிந்தபோதும் நம் கப்பல்கள் போயின.

அப்புறம், 1982 முதல் தெற்காசிய நாடுகளின் கூட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று கொழும்பிலேயே இயங்குகிறது, இந்தியாவும் அதில் உறுப்பினர்.

கடலடியை அரித்து இழுக்கும் வலையான இழுவைமடி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அங்கேயும் பேச்சே நடக்கவில்லை என்பது சரியல்ல. 2016 நவம்பரில் டெல்லியில் இரு தரப்பும் பேசி, இழுவைமடியை விரைவில் ஒழிப்பது என்று ஒப்புக்கொண்டு கூட்டுக் குழுவும் அமைத்தார்கள். 2017ல் இலங்கை அதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் பக்கம் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் வந்தது, அது நினைத்த வேகத்தில் நகரவில்லை. மடி அரித்துப் போன இடத்தில் கடற்புல் போய்விடுகிறது, ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு அதுதான் சாப்பாடு. ஒப்புக்கொண்டதை ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று கேளுங்கள் அண்ணே, நானும் சேர்ந்து கேட்கிறேன்.