அம்மிச்சியின் 9 ராத்திரிகள்

மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று பேச்சு வந்தால் எங்கள் பக்கம் இரண்டே குரல்தான் கேட்கிறது. "திருப்பூர்லயும் கோயமுத்தூர்லயும் பசங்க கெட்டுப்போறது போதாதுங்களா?" என்பது ஒன்று. "சித்தர் சொன்ன மூலிகை, எல்லா நோயும் போயிரும்" என்பது இன்னொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், கோபிப் பக்கம். வாழ்நாளெல்லாம் மஞ்சக்காட்டில் பாடுபட்டவர். புற்றுநோய் எலும்புக்குப் பரவியபின் படுக்கவே முடியாது. ராத்திரி முழுக்கத் திண்ணையில் சாய்ந்தபடி உட்கார்ந்திருப்பார். "ஒரு ராத்திரி நல்லாத் தூங்கிட்டாப் போதுங் கண்ணு" என்பார். மருத்துவர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்தார், அபினியிலிருந்து எடுக்கிற வலி மருந்து. அந்தச் சீட்டோடு கோபியிலும் ஈரோட்டிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். "அதெல்லாம் வெக்கறதில்லீங்க." 9 நாள் கழித்துக் கோவையில்தான் கிடைத்தது.

அதற்குள் மாமா தாங்கமாட்டாமல் கஞ்சா எண்ணெய் என்று யாரிடமோ ஒரு குப்பி வாங்கி வந்துவிட்டார். அதில் என்ன இருக்கிறது, எத்தனை சொட்டு கொடுக்கலாம், எதுவும் எழுதியில்லை. அம்மிச்சிக்குத் தலை சுற்றி, இரண்டு நாள் எங்கள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. மாமாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

மார்பின் தடை செய்யப்பட்ட மருந்தே இல்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மருத்துவத் தேவைக்கும் அறிவியல் தேவைக்கும் அன்றைக்கே விலக்குக் கொடுத்திருக்கிறது. கஞ்சாவும் அதே பிரிவில்தான் வருகிறது. ஆனால் உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்டதிலும், கணக்குத் தவறினால் ஜெயில் என்ற பயத்திலும் மார்பினைக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் கைவிட்டன. உரிமம் பெற்று அபினி பயிரிட்டு வெளிநாட்டுக்கு விற்கிற நாடு இது. 2014இல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். அப்படியும் எங்கள் ஊர்க் கடைக்கு அந்த மாத்திரை வந்து சேரவில்லை. வாளையாறு தாண்டிப் பாருங்கள், கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புப் பணி கேரளம் முழுக்கப் பரவியிருக்கிறது.

கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியோலை, குழந்தைகளுக்கு வரும் இரண்டு வகைக் கடுமையான வலிப்புக்கு 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. அளந்து கொடுக்கிற திரவ மருந்து அது, போதை தராது. கீமோ சிகிச்சையில் வரும் வாந்திக்கும், கஞ்சாவில் உள்ள வேறொரு பொருளைப் போல ஆய்வகத்தில் செய்த மாத்திரைகள் வெகுநாளாக இருக்கின்றன. புற்றுநோயைக் கஞ்சா குணமாக்கும் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை, தயவுசெய்து யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். சித்த மருத்துவத்தில் கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு, சரி. அங்கேயும் சுத்தி செய்து அளவோடுதான் சேர்க்கிறார்கள்.

2020 டிசம்பரில் ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. அனுமதிக்கட்டும். ஆய்வகத்தில் அளந்த மருந்தாக, மருத்துவர் சீட்டோடு, தாலுகா அரசு ஆஸ்பத்திரி மருந்தகம் வரைக்கும் வரட்டும். மார்பினுக்கு ஆன கதி இதற்கும் ஆகாமல், எந்த ஆஸ்பத்திரியில், யார் பொறுப்பில், எவ்வளவு இருப்பு என்பதைச் சேர்த்தே விதி எழுதுங்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் விற்பவனைப் பிடிக்கிற வேலை அது பாட்டுக்கு நடக்கட்டும். பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிற அம்மாக்களின் பயம் நியாயமானது, எனக்கும் பிள்ளை இருக்கிறான்.

மார்பின் கொடுத்த அன்று ராத்திரி அம்மிச்சி கட்டிலில் படுத்துத் தூங்கினார். அப்புறம் 16 நாள் இருந்தார். சீட்டு எழுதிய அன்றே கிடைத்திருந்தால் 25 நாள் தூங்கியிருப்பார்.