தடுப்பூசிக்கு வரும் தாயிடம் யார் கேட்பது?

குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடும் நாளில் எடை பார்க்கிறார்கள், தாய்ப்பால் போதுமா என்று விசாரிக்கிறார்கள், அடுத்த தவணைத் தேதியை அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்கள். பெற்றவளிடம் தையல் ஆறிவிட்டதா, சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்பதோடு விசாரணை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தப் பிரசவம் அவளை என்ன செய்தது என்று கேட்பதை ஒருவருடைய பணியாகவே ஆக்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) அவற்றில் ஏறத்தாழ 45 சதவீதம் அறுவை சிகிச்சைப் பிரசவங்கள். கத்தி பட்டாலே மனக்காயம் என்று சொல்லிவிட முடியாது. நிற்காத உதிரப்போக்கு, வலிப்பு, பிறந்ததும் இன்குபேட்டருக்குப் போய்விட்ட குழந்தை, எதையும் விளக்காமல் நள்ளிரவில் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போன அவசரம், வலியில் கத்தியவளுக்குக் கிடைத்த அதட்டல் என்று காரணங்கள் பல. சுகப்பிரசவம் என்று எழுதப்பட்ட அட்டைக்குள்ளும் இவற்றில் சில இருக்கக்கூடும்.

எங்கள் உறவில் ஒரு பெண், உதிரப்போக்கு கட்டுப்படாமல் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய் மீண்டவள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "ரெண்டு உசிரும் பிழைச்சதே குலதெய்வம் புண்ணியம், இனி அதை நினைக்காதே" என்றார்கள். பூண்டுக் குழம்பு, பத்தியச் சாப்பாடு, வெந்நீர்க் குளியல் என்று கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. அவளோ டெட்டால் வாடை வந்தால் கை நடுங்கி, தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சைச் சோதித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். தடுப்பூசிக்குக் குழந்தையை மாமியார்தான் தூக்கிப் போனார். மருத்துவமனை வாசலை மிதிக்க அவளால் முடியவில்லை. பொறுப்பில்லாதவள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

இதைப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவதும், அதை நினைவூட்டும் இடங்களை விட்டு ஒதுங்குவதும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும். மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள். தமிழ் வடிவமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது கடந்த ஏழு நாள் மனநிலையைக் கேட்கிறதே தவிர, பிரசவ அனுபவத்தைக் கேட்பதில்லை. எனவே, "பிரசவத்தில் நடந்தது இப்போதும் மனதுக்குள் வந்து தொந்தரவு செய்கிறதா?" என்ற கேள்வியைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

கேட்பது வேறு, கிளறுவது வேறு. நடந்ததை ஒரே அமர்வில் முழுவதும் மறுபடி வாழ்ந்து காட்டச் செய்யும் சிகிச்சையைத் தர வேண்டாம் என்றே பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே உறவினர்கள் துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை. அவளாகப் பேசினால் குறுக்கே அறிவுரை சொல்லாமல் கேட்டு, அவள் தூங்குவதற்காக இரவில் சில மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும். (அந்தச் சில மணி நேரத்தைக் கணவரும் பார்த்துக்கொள்ளலாம், அதற்குத் தாய்வீட்டுச் சீர் வர வேண்டியதில்லை.) தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வருவதாகச் சொன்னால் அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

கேட்டுவிட்டு அனுப்புவதற்கு இடமும் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்துச் சிகிச்சை தரும் தனிப் பிரிவு இருக்கிறது. நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அப்படிப்பட்ட படுக்கைகள் வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், பாட்டியோ மாமியாரோ தூக்கிவரும் குழந்தைக்கு ஊசி போடும் செவிலியர், "அம்மா ஏன் வரவில்லை?" என்று விசாரித்துவிட்டு அந்த வாரமே அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வரும் ஏற்பாட்டையாவது இப்போதே தொடங்கலாம்.