ஆயிரம் டாலர் தாளில் இருப்பது வேறு பறவை

தைவான் காடுகளில் மட்டுமே வாழும், கோழி இனத்தைச் சேர்ந்த சுவின்ஹோ ஃபெசன்ட் பறவை பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை மகிழ்ச்சி அளித்தது. எனினும், அந்நாட்டின் ஆயிரம் டாலர் தாளில் இருப்பது இப்பறவையே என்று அதில் வந்த வரியைத் திருத்த வேண்டுகிறேன். தாளில் உள்ளது, அதே தீவுக்கே உரிய மிகாடோ ஃபெசன்ட். 1906இல் பறவை சேகரிப்பாளர் வால்டர் குட்ஃபெலோ, பழங்குடியினர் ஒருவரின் தலையணியில் செருகப்பட்டிருந்த இரண்டு வால் இறகுகளைக் கண்ட பிறகே அது அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. சுவின்ஹோ சேவலுக்கோ கருநீல உடலில் கொண்டையும் மேல்முதுகும் நடுவால் இறகுகளும் தூய வெண்மை. மூடுபனிக் காலையொன்றில் தாசுவேஷான் மலைச்சாலையோரம் அது ஓசையின்றி அடியெடுத்து வைத்தபோது, சிவந்த கால்கள்தாம் முதலில் என் கண்ணில் பட்டன. பெண் பறவையை நிறமற்றது என்று கட்டுரை ஒரே சொல்லில் ஒதுக்கியதும் வருத்தமளிக்கிறது. தரையில் அடைகாக்கும் தாயைச் சருகுகளிடையே மறைப்பது அந்தப் பழுப்பு நிறமே.