யாரிடமும் பாஸ் எடுக்காமல் போய்வர

மே மாதம் வந்தால் முகநூல் முழுக்க விடுதலைதான். கொடி வரும், வரைபடம் வரும். புலிகளின் கையில் இருந்த வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம், அதாவது புலிகளிடம், பயண அனுமதியான பாஸுக்கு அலைந்த கதையை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஏன் போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். திரும்பி வருவீர்கள் என்று பொறுப்பு நிற்க ஓர் ஆள் வேண்டும். போனவர் வராவிட்டால் அந்த ஆள்பாடு கஷ்டம். அதைத் தாண்டி வவுனியாவுக்கு வந்தால் அங்கே அரசாங்கத்தின் பாஸ். யாழ்ப்பாணம் ஆமியின் கைக்குப் போன பிறகு அங்கிருந்து கொழும்புக்குப் போக ஆமியின் கிளியரன்ஸ். கொழும்பில் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு. பதிந்தும் பயனில்லை. 2007 ஜூன் 7 அன்று லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2009இல் போர் முடிந்தபோது வவுனியாவின் மெனிக் பாம் முதலிய முகாம்களின் முட்கம்பிக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேலான சனம்.

இரண்டு பக்கமும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லை. தற்காலிகம் என்று 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கியது அரசாங்கம். சொந்தக் குடிமக்களுக்குப் பற்றரியும் மண்ணெண்ணெயும் போகவிடாமல் தடுத்ததும் அதுதான். பலம் கூடிய இடத்தில் பழியும் கூடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கைக் காட்டி எங்கள் பக்கக் கணக்கை மூடிவைக்க முடியாது.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டு பிபிசி தமிழோசை கேட்டார்கள். இதைச் சனத்தின் கெட்டித்தனம் என்று சிரித்துக்கொண்டு சொல்வோம். கெட்டித்தனம் மட்டுமா? அரசாங்கத்தின் கொழும்பு வானொலி ஒன்று சொன்னது, இயக்கத்தின் வானொலியான புலிகளின் குரல் இன்னொன்று சொன்னது. மூன்றாவதாக ஒன்றைக் கேட்டுத் தானே முடிவு செய்ய வேண்டும் என்று மனிதன் வியர்க்க வியர்க்கச் சுற்றினான். என்னைக் கேட்டால் சுதந்திரம் அதுதான். நாடு கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிற விஷயமா அது? கேட்டதைச் சந்தியில் வாய்விட்டுக் கதைக்க முடிந்ததா என்பது வேறு. எல்லாப் பக்கத்தின் தவறையும் எழுதிவைத்த பல்கலைக்கழக விரிவுரையாளர் ரஜனி திராணகம 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்துத் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

‘போராட்ட காலத்தில் தனிமனித சுதந்திரம் பேச முடியுமா?’ என்று ஒருவர் கீழே வந்து எழுதுவார். துரோகி என்றும் சேர்த்து எழுதுவார், எழுதட்டும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சோனகதெரு முஸ்லிம்களுக்கு ஊரை விட்டுப் போகப் புலிகள் கொடுத்த நேரம் இரண்டே மணித்தியாலம். அப்போது அவர்களுக்காக வாய் திறக்க எங்களில் எத்தனை பேருக்குச் சுதந்திரம் இருந்தது?

முல்லைத்தீவுக் கேப்பாப்புலவில் ஆமி பிடித்த காணியை விடச் சொல்லிக் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அன்று விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல இன்னும் புத்தளத்தில்தான் இருக்கின்றன. அவர்கள் திரும்பி வந்து குடியேறக் காணியும் வீடும் வேண்டும் என்று அதே சத்தத்தில் நாங்களே கேட்போமா?