மாலை போடுவதற்கு நாற்பது நாள் முன்னால்

புரட்டாசி பாதி போய்விட்டது. கார்த்திகைக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான். எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் "கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போடுறேன், அன்னையிலேர்ந்து தொட மாட்டேன்" என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கும் ஆண்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். வீட்டுப் பெண்கள் காலண்டரைப் பார்த்துப் பார்த்து அந்தத் தேதிக்காகக் காத்திருப்பார்கள். அந்தப் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தினமும் குவாட்டர், குவாட்டருக்கு மேல் என்று வருஷக்கணக்கில் பழகிய உடம்பை ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். சாமி பேரைச் சொல்லியும் வேண்டாம், பிள்ளை தலையில் கை வைத்தும் வேண்டாம்.

நிறுத்துகிறேன் என்பவனைப் போய் நிறுத்தாதே என்கிறாளே என்று கோபம் வரும். என் அண்ணனுக்கு நடந்ததைப் பார்க்காமல் இருந்தால் எனக்கும் வந்திருக்கும்.

அண்ணன் காசிமேட்டில் விசைப்படகுத் தொழில். கடலுக்குப் போகாத நாளில் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரி செய்வார். குடி எப்போதும் உண்டு, ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் படகு போகாது, அந்த நாட்களில்தான் அது கட்டுக்கடங்காமல் போகும். ஒரு தடைக்காலத்தில் நாளுக்கு ஓர் ஆஃப் பாட்டில் என்று ஆகிவிட்டது. அம்மா தன் தலையில் அடித்து சத்தியம் வாங்கினார். அண்ணனும் மனசாரத்தான் செய்தார், அன்றைக்கே இருந்த பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினார். நாங்கள் எல்லோரும் அழுதோம், சந்தோஷத்தில்.

அன்று ராத்திரியே கை உதற ஆரம்பித்தது. வேர்வை, வாந்தி, தூக்கமில்லை. "உடம்பு சரக்கு கேக்குது, ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோ" என்று நானே சொன்னேன். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது வலிப்பு வந்து குழாயடியில் விழுந்தார். சாவிக்கொத்தைக் கையில் திணித்தோம். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், சரியாகிவிட்டது என்று நினைத்தோம்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மணி இருக்கும். சத்தம் கேட்டு எழுந்து பார்க்கிறேன், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பெட்ஷீட்டின் ஓரத்தை மடியில் போட்டுக்கொண்டு வலை பின்னிக்கொண்டிருக்கிறார். இடது கைக் கட்டைவிரலில் கண்ணியைப் பிடித்திருக்கிறார், வலது கை இல்லாத ஊசியைக் கோத்துக் கோத்து இழுக்கிறது, ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கிப் பார்க்கிறார். "லைட்டைப் பக்கத்துல பிடி நைனா, கண்ணி தெரியல" என்கிறார். நைனா என்றால் எங்கள் அப்பா, அவர் போய் ஒன்பது வருஷம். அண்ணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கொதித்தது. பக்கத்து வீட்டில் காத்து கருப்பு, விடிந்ததும் மந்திரிக்கலாம் என்றார்கள். அண்ணி கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக என் ஆயுசுக்கும் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டி டாக்டர் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கடைசியாக எப்போது குடித்தார்? எவ்வளவு குடித்தார் என்றுகூட அப்புறம்தான் கேட்டார்.

அவர் பிறகு எங்களுக்கு விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். சாராயம் மூளையை அமுக்கிக்கொண்டே இருக்கும். தினமும் அமுக்கினால் மூளையும் சும்மா இருக்காது, அதற்குச் சமமாக எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்து ஆட்கள் சட்டென்று கையை விட்டால் மறுபக்கம் என்ன ஆகும்? அதுதான் நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது எல்லாம். கடைசிக் குடியிலிருந்து ஆறு எட்டு மணி நேரத்தில் நடுக்கம் ஆரம்பிக்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். புத்தி தடுமாறி ஜுரத்தோடு பிதற்றும் நிலை, டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள், அது இரண்டாம் நாளுக்கு மேல் நாலாம் நாளுக்குள் வரும், சரியான நேரத்தில் வைத்தியம் இல்லாவிட்டால் உயிர் போகும். முதல் நாளைத் தாண்டிவிட்டான், இனிமேல் பயமில்லை என்று வீட்டில் மூச்சு விடுகிற நேரத்தில்தான் அது வந்து நிற்கிறது.

2020 மார்ச் 24 அன்று டாஸ்மாக் மூடினார்கள், சென்னையில் மறுபடி திறந்தது ஆகஸ்ட் 18. அந்த முதல் வாரத்தில் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பேருக்கு வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லோரும் கொரோனா என்று கதவைச் சாத்திக்கொண்டோம்.

அண்ணனுக்கு அது ஒரு தடவையோடு முடியவில்லை. பிழைத்து வந்து எட்டு மாதம் நன்றாக இருந்தார், பிறகு மறுபடி தொட்டார். அப்போது நாங்கள் இன்னொரு தப்பும் செய்தோம். யாரோ சொன்னார்கள் என்று ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கொண்டு விட்டோம். அங்கே டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை, அடிதான் வைத்தியம். பதினோரு நாளில் அண்ணி போய்ச் சண்டை போட்டுக் கூட்டி வந்தார், முதுகில் தடம் தடமாக இருந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநலப் பாதிப்புக்கும் பொருந்தும், கட்டிப்போடுவதும் அடிப்பதும் சட்டப்படி குற்றம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. எங்கே சேர்த்தாலும் அரசுப் பதிவு இருக்கிறதா, டாக்டர் தினமும் வருகிறாரா, நாம் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

மூன்றாவது தடவைதான் முறையாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏற்கெனவே வலிப்பும் பிதற்றலும் வந்தவர் என்பதால் வீட்டில் குறைக்கிற பேச்சே கூடாது, படுக்கை கிடைக்கிற வரை இப்போது குடிப்பதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார்கள். அங்கே மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள், வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். எட்டு நாள். இந்தத் தடவை வலை பின்னவில்லை, தூங்கினார். அந்த மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கி நீங்களே கொடுத்துவிடாதீர்கள். அதோடு குடியும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம்.

பி1 பற்றி ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். குடித்துவிட்டுச் சாப்பிடாமல் கிடப்பவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் நம் பக்கம் முதலில் செய்வது தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது. குடியால் உடம்பில் பி1 சத்து வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம், கண் நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், ஞாபகம் போய் வராமலே போகலாம். "இவர் தினமும் குடிக்கிறவர், பி1 போட்டீங்களா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

சரி, எல்லோருக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டுமா என்றால், இல்லை. எங்கள் எதிர் வீட்டு அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். தினமும் ஒரு குவாட்டரும் ஒரு கட்டிங்கும், 270 மில்லி. வலிப்பு வந்ததில்லை, மஞ்சள் காமாலை இல்லை, ரத்த வாந்தி இல்லை, கூடவே பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறார். டாக்டர் ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு வீட்டிலேயே குறைக்கலாம் என்றார். நாலு நாளைக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு, அதாவது 27 மில்லி குறைக்க வேண்டும். நடுக்கமோ வேர்வையோ வந்தால் அதே அளவில் ஒரு வாரம் நிற்க வேண்டும், வீம்புக்கு இறங்கக் கூடாது. வேறு ஆளுக்கு வேறு கணக்கு வரும், சிலருக்கு முதல் நாளே மாத்திரைதான், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்த அக்கா என்னிடம் வந்து அழுதார். "இருபது வருஷம் பாட்டிலை ஒளிச்சு வெச்சவ நான், இப்ப என் கையால அளந்து குடுக்கணுமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, கையைத்தான் பிடித்துக்கொண்டேன். ஆனால் செய்தார். பாட்டிலில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி அளவு குறித்தார், நாலு நாளைக்கு ஒரு முறை அந்தப் பொட்டை உரித்துக் கொஞ்சம் தள்ளி ஒட்டுவார். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, கை எப்படி இருந்தது என்று எழுதினார். முதலில் சோறு, அப்புறம்தான் அளவு. தினமும் பி1 மாத்திரை. குடித்த பிறகு ஆட்டோ சாவி அக்காவிடம். 135-இல் வந்து நின்றபோது கை நடுங்கியது, ஒரு வாரம் அங்கேயே நின்றார்கள். ஏழு வாரம் ஆனது. கடைசிப் பொட்டு பாட்டிலின் அடியில் இருந்ததை நான் பார்த்தேன்.

நாலு நாளைக்கு ஒரு படி என்றால் பத்துப் படிக்கு நாற்பது நாள், கிட்டத்தட்ட ஒரு மண்டலம். அதனால்தான் சொல்கிறேன், கார்த்திகையில் மாலை போட வேண்டுமா, இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நடுவில் நின்று நின்று போய் நாள் தள்ளினால் மார்கழியில் போட்டுக்கொள்ளலாம், ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பீருக்கு மாறிவிட்டேன், குறைத்துவிட்டேன் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. நம் கடை பிராந்தி 42.8 சதவீதம், ஒரு குவாட்டரில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 26 கிராம். மூன்று பீர் குடித்தால் குவாட்டரைத் தாண்டியாகிவிட்டது, ஸ்ட்ராங் என்றால் இரண்டிலேயே அந்தப் பக்கம் வந்துவிடும்.

இன்னொன்று, எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஒட்டியிருக்கும் குடியை நிறுத்தும் மருந்து நோட்டீஸ், "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்." தயவுசெய்து வேண்டாம். டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது, தெரிந்து சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு டாக்டர் கொடுப்பார். தெரியாமல் சாப்பிட்டவர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி அங்கேயே விழலாம். சோற்றில் கலந்து கொடுத்தது நாம்.

ஸ்டான்லி மனநலப் பிரிவிலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் குடிக்கு வைத்தியம் உண்டு, காசு இல்லை. போன் பண்ணிப் பேச 14416, தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது. வலிப்பு, பிதற்றல், ஜுரத்தோடு நடுக்கம் என்றால் போன் பேசிக்கொண்டிருக்காமல் 108. அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏஏ கூட்டத்துக்குப் போகிறார். குடியை விட்டு இரண்டு வருஷம் நாலு மாதம், நடுவில் ஒரு நாள் சறுக்கி மறுநாளே டாக்டரிடம் போய் உட்கார்ந்தார். அண்ணிக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது, குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் அவருக்கு உதவியது.

வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் எங்கள் தெருவிலிருந்து மூன்று தம்பிகளை ஸ்டான்லி ஓபிக்குக் கூட்டிப்போகிறார். அதில் ஒரு தம்பியின் அம்மா நேற்று வந்து, "எவ்ளோ குடிக்கிறான்னு டாக்டர் கேட்டா நான் எப்படிம்மா வாயால சொல்லுவேன்?" என்றார். சொல்ல வேண்டாம், ஒரு வாரத்துக் காலி பாட்டிலை அப்படியே எடுத்து வாங்க, அவர் எண்ணிக்கொள்வார் என்றேன். இன்று காலை பார்த்தேன், மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்குப்பையில் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்.