சின்னப் பிள்ளைகளை இன்னும் எத்தனை நாள் காக்க வைப்பீர்கள்?

பள்ளியை இப்போது திறக்க வேண்டாம் என்று ஒரு பெற்றோர் பேசிய அந்த ஆடியோவை நேற்றிலிருந்து எனக்கு மட்டும் ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள், அதனால் முழுக்கச் சொல்லப் போவதில்லை. வருகிற திங்கட்கிழமை, 2021 நவம்பர் 1, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறப்பதைப் பொங்கல் வரைக்கும் தள்ளிப்போடச் சொல்கிறார், அது ஒரு பெற்றோரின் பயம், அதில் எனக்குக் கோபம் இல்லை. "கவர்மென்ட் ஸ்கூல்காரங்க சோத்துக்குத்தானே தொறக்கச் சொல்றாங்க" என்கிறாரே, அந்த இடத்தில் என்னால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை.

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். சின்னப் பிள்ளைகளைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும். நாம் அவர்களைக் கடைசியில் நிறுத்திவிட்டோம். இந்த ஆண்டு ஜனவரி 19 அன்று பத்தும் பன்னிரண்டும் வந்தார்கள், பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும். நடுவில் கொரோனா இரண்டாவது அலை. மறுபடி செப்டம்பர் 1 திறந்தபோதும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரைதான். எங்கள் அரசுத் தொடக்கப் பள்ளியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் 2020 மார்ச்சில் பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், 19 மாதமாகியும் வகுப்பில் உட்காரவில்லை. பெரிய பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது, சரி, புரிகிறது. ஆனால் பதினாறு வயதுப் பையன் ஒரு பாடத்தை விட்டால் தானே படித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. 'அ' தெரியாத குழந்தை தானே எப்படிப் படித்துக்கொள்ளும்?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவாவே, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது நல்லது, ஆசிரியர்களும் ஊழியர்களும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று சொன்னார். அவர்கள் எடுத்த நாலாவது ரத்தப் பரிசோதனைக் கணக்கில் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு சக்தி இருந்தது. வீட்டுக்குள் பூட்டி வைத்தும் பாதிப் பேருக்கு மேல் தொற்று வந்து போய்விட்டது என்றுதானே அர்த்தம்? டென்மார்க்கில் 2020 ஏப்ரலிலேயே குட்டிப் பிள்ளைகளைத்தான் முதலில் வரச் சொன்னார்கள். டென்மார்க்கும் நம்ம ஊரும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான், அங்கே வகுப்புக்கு ஒரு வாத்தியார் இருப்பார். எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்.

புதன்கிழமை பெற்றோர் கூட்டம் போட்டிருந்தோம். ஒரு பாட்டி பேத்தியையும் கூட்டி வந்திருந்தார். பள்ளி மூடும்போது அவள் ஒன்றாம் வகுப்பு, அம்மா, ஆடு, இலை எல்லாம் விரலை வைத்துப் படித்தவள். இப்போது பதிவேட்டில் மூன்றாம் வகுப்பு. பழைய புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். 'பட்டம்'. "ப" என்றாள். அடுத்த எழுத்தில் விரல் நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள், அப்புறம் சந்தோஷமாக "காத்தாடி டீச்சர்!" என்றாள். நான் "சரிதான்டா கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்ல? பாட்டிக்குப் புரிந்துவிட்டது. "டீச்சர், நாளைக்கே வுட்டுட்டுப் போறேன், வச்சிக்கிறீங்களா" என்றார். அவர் சோறு கேட்கவில்லை. அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் இத்தனை மாதமாகப் பள்ளியில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், வாங்கிக்கொண்டுதான் போகிறார்.

ஆன்லைன் வகுப்பு இருக்கிறதே, கல்வித் தொலைக்காட்சி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டில் ஒரே ஒரு போன், அது அவள் அப்பாவோடு திருப்பூரில் இருக்கிறது. ஆகஸ்ட்டில் பொருளாதார அறிஞர்கள் ஜீன் டிரேஸ், ரீத்திகா கேரா முதலானவர்கள் தமிழ்நாட்டையும் சேர்த்து 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடும்பங்களில் போய்க் கேட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 சதவீதம். ஆடியோவில் பேசியவர் வீட்டுப் பிள்ளை அந்த 8 சதவீதத்தைவிட வசதியான இடத்தில் இருக்கும். இருக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும். அதை வைத்து எங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து முடிவு பண்ணாதீர்கள்.

"உயிர் முக்கியமா படிப்பு முக்கியமா" என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். உயிரைப் பற்றித்தானே நானும் பேசுகிறேன். பாதுகாப்பு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசியது காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பற்றியும் தரையில் வட்டம் போடுவதைப் பற்றியும்தான். காய்ச்சலே இல்லாமல் தொற்றோடு வருகிற பிள்ளையை அந்தக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கும்? இது காற்றில் பரவுகிற நோய். வகுப்பில் காற்று ஓட வேண்டும். எங்கள் பெரிய அறையில் நாலு சன்னல், அதில் இரண்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தன, மூன்றாவதை மறைத்து பீரோ. வியாழக்கிழமை நானும் சத்துணவு அக்காவும் கொண்டிக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, அம்மிக்குழவியால் தட்டித் தட்டித் திறந்தோம். பீரோவைத் தலைமையாசிரியரே தள்ளிப் போட்டார். வெயில் உள்ளே விழுந்தது, கரும்பலகையில் 2020 மார்ச் தேதி அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தண்ணீர்தான் பெரிய கவலை. மோட்டாரில் காயில் போய்விட்டது, கழிப்பறைத் தொட்டியில் சொட்டு இல்லை. கை கழுவச் சொல்லி சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது, குழாயைத் திருகினால் காற்றுதான் வருகிறது. இதைக் கேளுங்கள். பொங்கல் வரை தள்ளிப்போடச் சொல்கிற நேரத்தில் இதைக் கேட்டிருந்தால் என் பிள்ளைகளுக்கு உதவியாக இருந்திருக்கும். 19 மாதம் பூட்டி வைத்தும் சரியாகாத மோட்டார் இன்னும் இரண்டரை மாதம் பூட்டினால் சரியாகிவிடுமா?

கடைசியாக அந்த இன்னொரு பேச்சு. "வாத்தியாருங்க ஒன்றரை வருஷம் சும்மா சம்பளம் வாங்கினாங்க." சம்பளம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது வராமல் தவித்த தனியார் பள்ளி ஆசிரியர்களை நினைத்தால் எனக்கே சங்கடமாக இருக்கும். ஆனால் ஏப்ரல் 6 தேர்தல் பணிக்கு எங்களைத்தான் அனுப்பினார்கள், அன்றைக்கு எங்கள் உயிரைப் பற்றி எந்த ஆடியோவும் வரவில்லை. என்னோடு ஒரே பேருந்தில் பயிற்சி வகுப்புக்கு வந்த டீச்சர் மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்குக் காத்திருந்தே போய்விட்டார். அவர் எண்ணை இன்னும் என் போனிலிருந்து அழிக்கவில்லை. எனக்கா பயம் இல்லை? இரண்டு ஊசியும் போட்டிருக்கிறேன், பயமும் இருக்கிறது, திங்கட்கிழமை போகவும் போகிறேன்.

பிள்ளையை அனுப்ப மனம் வரவில்லையா, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வரவேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வருகிற பிள்ளையைத் தடுக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். அதுவும் சோற்றைச் சொல்லித் தடுக்காதீர்கள். நானும் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவள்தான்.

நாளைக் காலை மோட்டார் மாட்ட ஆள் வருகிறார், பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலு பேர் பணம் போட்டிருக்கிறார்கள், இன்னும் 1,800 ரூபாய் குறைகிறது. ஊர்க்காரர்கள் யாராவது தர முடிந்தால் ராத்திரி ஒன்பது மணிக்குள் எனக்குக் கூப்பிடுங்கள்.